சிவப்புப் பட்டனை அமுக்கியது யார்

தலைவரே, ஏமாற்றியது நீங்கள். கோயில் வாசலில் ஊர் கூடியிருந்தபோது, என் நைனா சொல்லாத ஒரு சொல்லை அவர் குரலிலேயே சொல்ல வைத்தீர்கள். அதைச் சாக்காக வைத்து அவருடைய பாடு முறையைப் பிடுங்கி உங்கள் மகனுக்குக் கொடுத்தீர்கள். ஆனால் ஊரில் பாதிப் பேர் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள். “மிஷின வச்சி அப்பன பேச வச்சவ” என்று எனக்குப் பேர் வைத்திருக்கிறார்கள். அதனால் எழுதுகிறேன். எனக்கு அழகாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுத வரும்.

எங்கள் ஊர் பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிறது. பெயர் வேண்டாம். எழுதினால் ஊரையே திட்டியதாக ஆகிவிடும். நான் திட்டுவது ஒரே ஒருவரை.

வெளியூர்க்காரர்களுக்குப் பாடு என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஏரி பெரிதுதான். ஆனால் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், வற்றும் தண்ணீரோடு இறால் இறங்கும் இடங்கள் கொஞ்சம்தான். எல்லாரும் ஒரே நாளில் அங்கே கழி நட்டு வலை கட்டினால் வெட்டுக்குத்துதான் நடக்கும். அதனால் யார் எந்த நாளில் எந்த இடத்தில் கட்டுவது என்று ஊர் முறை வைத்திருக்கிறது. அதுதான் பாடு. கல்யாணமான ஆம்பளைக்கு ஒரு பாடு, அதுவும் ஒரு முறை காலியானால்தான் புது ஆளுக்கு. வருடத்துக்கு ஒரு முறை கோயில் வாசலில் கூட்டம் போட்டு, தலைவர் ஒவ்வொரு வீடாகக் கூப்பிடுவார். அந்த வீட்டு ஆள் எழுந்து, “நம்ம பாடு” என்று தன் வாயால் சொல்ல வேண்டும். உடம்பு முடியாதவர் தனக்குப் பதிலாக இன்னொருவரை நிறுத்தலாம். அதையும் தன் வாயால்தான் சொல்ல வேண்டும். பெண்டாட்டி சொன்னால் செல்லாது. மகள் சொன்னால் சிரிப்பார்கள்.

என் நைனாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் போயின. வாயும் போனது. அறிவு போகவில்லை. வலையைத் தப்பாக மடித்தால் தம்பியை முறைப்பார். குழம்பில் புளி குறைந்தால் அம்மாவை முறைப்பார். எல்லாம் தெரியும், சொல்ல மட்டும் முடியாது. தம்பிக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அவனுக்குத் தனிப் பாடு கிடையாது. நைனாவின் பாடு போனால் அவன் இன்னொருவர் வலையில் கூலிக்குத்தான் நிற்க வேண்டும். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கூட்டத்தில் பெயர் கூப்பிடாத ஆளை ஊரில் ஆளாக யாரும் மதிக்க மாட்டார்கள். செத்தவர் கணக்குதான்.

நான் மீஞ்சூரில் ஒரு தொழிற்சாலை ஆபீசில் வேலை செய்கிறேன். கம்ப்யூட்டரில் பில் அடிக்கும் வேலை. அங்கே ஒரு பழைய கம்ப்யூட்டரைக் குப்பைக்குப் போட இருந்தார்கள். கேட்டு வாங்கி, பையில் போட்டு, ரயிலிலும் ஷேர் ஆட்டோவிலும் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். வீட்டு டி.வி.யோடு இணைத்தேன். பென் டிரைவில் பழைய படங்களும் பாட்டுகளும் நிரப்பினேன். படங்களைத் திரையில் வரிசையாகக் காட்டி ஓட்டும் ஒரு மென்பொருளைப் போட்டேன். பகல் முழுக்க நாற்காலியில் கிடக்கிற மனிதனுக்கு இதுவாவது இருக்கட்டும் என்றுதான்.

ஆனால் மவுஸ் சரிப்படவில்லை. இடது கையால் தொடைமேல் வைத்து உருட்டுவார். வழுக்கி விழும். அம்மா எடுத்துக் கொடுப்பாள். மறுபடி விழும். ஒரு தடவை விழுந்ததும் நைனா எடுக்கச் சொல்லவே இல்லை. ஓடுகிற படத்தை நிறுத்தத் தெரியாமல், பிடிக்காத படத்தையே கடைசி வரைக்கும் பார்த்தார். நான் வேலை முடிந்து வந்தபோது அவர் முகத்தைப் பார்த்தேன். அன்றைக்கே முடிவு செய்தேன். ரிமோட் வேண்டும். ஒரு கையால், பார்க்காமலே அமுக்கக்கூடிய ரிமோட்.

டவுனில் ஒரு கடையில் போய், ரிமோட்டின் வெளிச்சத்தை வாங்கிக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் ரிசீவர் கேட்டேன். கட்டைவிரல் அளவு இருக்கும். முன்னால் கறுப்பாக ஒரு கண்.

கடைக்காரர், “யாருக்கும்மா?” என்றார்.

“எனக்குத்தான்.”

“இது சும்மா சொருகினா வேல செய்யாது. நெறயா நோண்டணும். வூட்ல ஆம்பளைங்க இருந்தா அனுப்பு, சொல்லித் தரேன்.”

“ஆம்பள கீறாரு. அவரால எழுந்து வர முடியாது. அதுக்குத்தான் வாங்கறேன். குடு.”

கொடுத்தார். ஒரு விஷயத்தில் மட்டும் அவர் சொன்னது சரி. சொருகினால் வேலை செய்யவில்லை.

வீட்டில் செட்-டாப் பாக்ஸ் ரிமோட் ஒன்று கூடுதலாகக் கிடந்தது. கைக்கு அடக்கமாக, பெரிய பட்டன்களோடு இருக்கும். கீழே சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்று நான்கு. நைனாவின் விரலுக்கு அது பழகிய ரிமோட். அதையே எடுத்துக்கொண்டேன். கம்ப்யூட்டரில் கறுப்புத் திரையைத் திறந்து, பட்டன் அமுக்கினால் எண் காட்டும் கட்டளையைப் போட்டேன். அமுக்கினேன். ஒன்றும் வரவில்லை. ரிமோட் செத்துவிட்டதோ என்று செல்போன் கேமராவுக்கு முன்னால் காட்டி அமுக்கினேன். நம் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் போனில் தெரியும். முனையில் ஊதா நிறத்தில் மினுக் மினுக் என்று அடித்தது. ரிமோட் நன்றாகத்தான் இருந்தது. கேட்க வேண்டிய கம்ப்யூட்டர்தான் கேட்கவில்லை.

தேடித் தேடிப் படித்ததில் புரிந்தது. ரிமோட்டுகளுக்குள் பல பாஷை உண்டு. கம்ப்யூட்டர் ஒரு பாஷைக்கு மட்டும் காதைத் திறந்து வைத்திருந்தது. என் ரிமோட் வேறு பாஷை பேசியது. எல்லாப் பாஷைக்கும் காதைத் திறந்துவிடச் சொல்லி ஒரு கட்டளை போட்டேன். மறுபடி அமுக்கினேன். திரையில் எண்கள் கொட்டின. அம்மா எட்டிப் பார்த்து, “இன்னாடி இது, பூச்சியாட்டம் ஓடுது?” என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் அழ நேரமில்லை. எந்த எண் மேலே, எந்த எண் கீழே, எந்த எண் நிறுத்து என்று ஒவ்வொன்றாக எழுதி வைத்தேன்.

அதற்குப் பிறகும் பேஜார்தான். ஒரு தடவை அமுக்கினால் இரண்டு படம் தாண்டியது. ஒரே பட்டனை இரண்டு புரோகிராம்கள் கேட்டுக்கொண்டு, இரண்டும் தனித்தனியாக வேலை செய்துகொண்டிருந்தன. ஒன்றை நிறுத்தினேன். கரண்ட் போய் வந்தால் எல்லாம் மறந்து போனது. ஆன் ஆகும்போதே நினைவில் ஏற்றும்படி செய்தேன். நைனாவின் விரல் பட்டனை விட்டு உடனே எழும்பாது. ஒரு அமுக்குக்குப் பத்துப் படம் ஓடிவிடும். அழுத்திப் பிடித்தாலும் ஒரு தடவைதான் என்று மாற்றினேன். சாயங்காலம் ஆனால் ரிமோட் ஊமை ஆகிவிடும். எங்கள் வாசல் மேற்கே பார்த்தது. இறங்கும் வெயில் நேராக உள்ளே வந்து ரிசீவரின் கண்ணைக் கூசச் செய்துவிடும். அந்த நேரத்துக்கு மட்டும் வாசலில் ஒரு துண்டைக் கட்டித் தொங்கவிட்டேன். எங்கள் ஊரில் பகலில் யாரும் வாசலை மூட மாட்டார்கள். மூடியிருந்தால் துக்கம் என்று அர்த்தம். துண்டு தொங்கியதும் தெருவில் நாலு பேர் வந்துவிட்டார்கள். “யாருக்கு இன்னா ஆச்சி?”

“வெயிலுக்குக் கட்டினேன், போங்க.”

“அதச் சொல்லிட்டுக் கட்டக்கூடாதா? வயித்துல புளியக் கரைச்சிட்ட!”

எப்படியோ நைனா கைக்கு ரிமோட் வந்தது. அவரே படம் மாற்றினார். அவரே நிறுத்தினார். அதைப் பார்த்த பிறகுதான் வேறொன்று கவனித்தேன். அம்மா சாப்பிடக் கூப்பிட்டால், வேண்டாம் என்றால் படத்தை நிறுத்தாமல் ஓட விடுவார். வேண்டும் என்றால் நிறுத்துவார். யாராவது வந்து உட்கார்ந்து கதை அளந்தால் சத்தத்தைக் கூட்டுவார். ரிமோட்டால் அவர் பேச ஆரம்பித்திருந்தார். எங்களுக்குத்தான் புரிய நேரம் ஆனது.

என் போனில் நைனாவின் பழைய குரல் பதிவுகள் இருந்தன. அவருக்கு எழுதி அனுப்பத் தெரியாது. வாட்ஸ்அப்பில் பேசித்தான் அனுப்புவார். “வரும்போது எலுமிச்சம்பழம் வாங்கினு வா, கண்டிப்பா வேணும்.” “எனக்கு வேணாம், நீ துன்னு.” இன்னொன்று: “தே பாரு, நாளைக்கி நம்ம பாடு. தம்பிய வரச் சொல்லு. ஊரு சுத்தாம படுக்கச் சொல்லு.”

அவற்றில் வேண்டிய சொற்களை மட்டும் வெட்டி எடுத்தேன். பச்சைப் பட்டன் அமுக்கினால் “வேணும்”. சிவப்பு “வேணாம்”. மஞ்சள் “நம்ம பாடு”. நீலம் “தம்பிய வரச் சொல்லு”. டி.வி.யில் சத்தம் வரும்படி வைத்தேன். முதல் தடவை நைனா பச்சையை அமுக்கியபோது அடுப்படியில் இருந்த அம்மா கரண்டியைக் கீழே போட்டாள். வந்து நைனா வாயைப் பார்த்தாள். டி.வி.யைப் பார்த்தாள். பிறகு என் முதுகில் ஒரு அடி கொடுத்தாள்.

“சொல்லிட்டுச் செய்ய மாட்டியா நீ? உசுரே பூட்ச்சி!”

நைனா சிவப்பை அமுக்கினார். “வேணாம்.” மறுபடி அமுக்கினார். “வேணாம்.” என்னை அடிக்காதே என்று அம்மாவிடம் சொன்னார். அவர் முகத்தின் இடது பக்கம் சிரித்தது.

பாடு கூட்டம் நெருங்கியது. நான் தலைவர் வீட்டுக்குப் போனேன். முறைக்கு அவர் எனக்கு மாமா. கட்டிலில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

“மாமா, நைனா கூட்டத்துக்கு வருவாரு. வாயால முடியாது. மிஷின்ல அவரு கொரலு வரும், அவரே அமுக்குவாரு. ஒத்துக்குவீங்களா?”

“அவரு கொரலா?”

“அவரு கொரலேதான்.”

“அவரே அமுக்கறாரா?”

“அவரேதான்.”

“அப்பறம் இன்னாம்மா? கொண்டா. ஊருக்கு முன்னால பாத்துக்கலாம்.”

இதைச் சொன்னார். அவர் மனைவி அங்கேதான் முறத்தோடு நின்றிருந்தாள். அவள் மறந்திருந்தால் நான் நினைவுபடுத்துகிறேன்.

கூட்டத்தன்று கோயில் முன்னால் இருக்கும் ஷெட்டுக்கு டி.வி.யையும் கம்ப்யூட்டரையும் தம்பியும் நானும் தூக்கிப் போனோம். கோயில் லைனில் இருந்து கரண்ட் எடுத்தோம். நைனாவைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு நாலு பேர் தூக்கி வந்தார்கள். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அம்மா இஸ்திரி போட்டுக் கொடுத்திருந்தாள். பெண்கள் கூட்டத்தில் உட்காரக்கூடாது. நானும் அம்மாவும் ஷெட்டுக்கு வெளியே, எல்லாப் பெண்களும் நிற்கும் இடத்தில் நின்றோம்.

தலைவர் ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டார். எங்கள் வீடு வந்தது. நைனா ரிமோட்டை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு மஞ்சளை அமுக்கினார்.

“நம்ம பாடு.”

பலர் அந்தக் குரலைக் கேட்டு மாதக்கணக்காகியிருந்தது. நைனாவோடு ஒரே படகில் போன ஒரு பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நைனா நீலத்தை அமுக்கினார். “தம்பிய வரச் சொல்லு.” தம்பி எழுந்து நின்றான். முடிந்தது என்று நினைத்தேன்.

தலைவர், “நல்லாக் கீது, நல்லாக் கீது” என்றார். பிறகு மடியில் இருந்து ஒரு ரிமோட்டை எடுத்தார். எங்கள் ரிமோட் மாதிரியே இருந்தது. டி.வி.யைப் பார்த்து நீட்டி அமுக்கினார்.

“வேணாம்.”

நைனாவின் குரல். நைனாவின் கை மடியில் இருந்தது.

“இப்ப யாருப்பா சொன்னது?” என்று தலைவர் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். “அவரா, நானா?”

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள்.

“இன்னொரு தபா அமுக்கட்டா? உனக்குப் பாடு வேணுமா?” அமுக்கினார். “வேணாம்.” “பாத்தீங்களா, அவரே வேணாங்கிறாரு!”

“நீதான்யா அமுக்கற!” என்று நான் கத்தினேன்.

“பொம்பளைங்க கம்னு இருங்க. கூட்டத்துல பேசக்கூடாது. ஒவ்வொருத்தனும் ரிமோட்டத் தூக்கினு வந்து அவனவனுக்கு வேண்டியதப் பேச வச்சிக்கலாம்னா, ஊரு வழக்கம் இன்னாத்துக்கு? வாயால சொல்லல. இந்த வருசம் இவரு பாடு இல்ல.”

உட்கார்ந்த இடத்திலேயே, போன மாதம் கல்யாணமான தன் மகனை எழுப்பி, அந்த முறையை அவனுக்குக் கொடுத்தார். அடுத்த வீட்டைக் கூப்பிட்டார். கடைசியில் எல்லாரும் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு கிளம்பினார்கள். நைனா மட்டும் மஞ்சளை அமுக்கிக்கொண்டே இருந்தார். “நம்ம பாடு. நம்ம பாடு. நம்ம பாடு.” தம்பி போய் டி.வி.யின் வயரைப் பிடுங்கினான். அவன் அதை எதற்குச் செய்தான் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் இரண்டு நாள் அவனோடு நான் பேசவில்லை.

அந்த ரிமோட் தலைவர் கைக்கு எப்படி வந்தது?

எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் ஒரே செட்-டாப் பாக்ஸ். ஒரே கேபிள்காரர் மொத்த ஊருக்கும் ஒரே நாளில் போட்டுக் கொடுத்தது. பெட்டி ஒன்றுபோல, ரிமோட்டும் ஒன்றுபோல. எங்கள் தெரு சுனாமிக்குப் பிறகு கட்டிய குடியிருப்பு. வாசலுக்கு நேர் வாசல். தெருவில் மீன் கூடையோடு இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் படியேற வேண்டும். எதிர்வீட்டு அக்காவின் டி.வி. வாசலை ஒட்டி இருக்கிறது. அவள் உள்ளே உட்கார்ந்து வாசலைப் பார்த்து ரிமோட்டை நீட்டுவாள். எங்கள் டி.வி. உள்சுவரில் வாசலைப் பார்த்து இருக்கிறது. யாரும் பகலில் வாசலை மூடுவதில்லை. அவள் அமுக்குவது அவள் வாசல் வழியாக வெளியே வந்து, எங்கள் வாசல் வழியாக உள்ளே போய், எங்கள் ரிசீவரின் கண்ணில் விழுந்தது.

இது கூட்டத்துக்கு முன்னாலேயே நடந்திருக்கிறது. ஒரு மத்தியானம் அம்மா சோறு கொண்டுவந்தபோது டி.வி. “வேணாம்” என்றது. அம்மா தட்டை எடுத்துப் போய்விட்டாள். நைனா கையை ஆட்டி ஆட்டிக் கோபப்பட்டார். விரல் தவறிப் பட்டிருக்கும் என்று நாங்கள் விட்டுவிட்டோம். அவர் சொல்ல வந்தது அப்போது எங்களுக்கு விளங்கவில்லை.

கூட்டம் முடிந்த அன்றைக்கே அக்கா வீட்டுப் படியில் போய் நின்றேன்.

“அக்கா, உன் ரிமோட்ட யாருக்குக் குடுத்த?”

“இன்னாடி, வந்ததும் வராததுமா?”

“சொல்லு. தலைவருக்குக் குடுத்தியா?”

“நான் இன்னாத்துக்குக் குடுக்கப் போறேன்? அவரு வூட்ல இல்லாத ரிமோட்டா?” பிறகு குரல் இறங்கியது. “செவப்ப அமுக்கினா எனக்கு சீரியல் சேனலு வரும்டி. ஒருநாளு அமுக்கறேன், உங்க வூட்ல இருந்து உங்க நைனா ‘வேணாம்’னுச்சு. தூக்கிவாரிப் போட்டுச்சி. இன்னொரு தபா அமுக்கறேன், இன்னொரு தபா ‘வேணாம்’. சிரிச்சி சிரிச்சி வயிறு வலிச்சிச்சி. மீன் ஏலத்துல நாலு பேரு கிட்ட சொன்னேன். அவரு அங்கதான் நின்னுக்கினு இருந்தாரு.”

“என் கிட்ட சொல்லலியே நீ.”

“தமாசுன்னு நெனச்சேன்டி. அந்த ஆளு அத மடியில கட்டிக்குவாருன்னு நான் கண்டேனா?”

அவளைத் திட்ட வாயெடுத்தேன். திட்டவில்லை. அவள் சிரித்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். அதை எடுத்துப் போய் ஒரு மனிதனின் வாயை மூடியவர் வேறு ஆள்.

தலைவருக்குக் கூட்டத்துக்கு முன்னாலேயே தெரியும். நான் அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டபோதே தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். “இது எல்லா ரிமோட்டுக்கும் பேசுதும்மா, சரி பண்ணிக் கொண்டா” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். “கொண்டா, ஊருக்கு முன்னால பாத்துக்கலாம்” என்றார். இப்போதுதான் அந்த வார்த்தைக்கு அர்த்தம் விளங்குகிறது.

சரி பண்ணினேன். அழுதுகொண்டு உட்கார எனக்குத் தெரியாது.

எங்கள் வீட்டில் ஒரு பழைய டி.வி.டி. பிளேயர் இருந்தது. உப்புக்காற்றில் அரித்துச் செத்துப்போனது. அதன் ரிமோட் மட்டும் பிழைத்திருந்தது. பேட்டரி வைக்கும் இடத்தில் இருந்த துருவை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தேன். அது பேசும் பாஷை கேபிள் ரிமோட்டின் பாஷை இல்லை. கம்ப்யூட்டரில் மற்ற எல்லாப் பாஷைக்கும் காதை அடைத்துவிட்டு, இந்த ஒன்றுக்கு மட்டும் திறந்தேன். கேபிள் ரிமோட்டின் எண்கள் அத்தனையும் அழித்தேன். புது ரிமோட்டில் நிறப் பட்டன்கள் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வைத்தேன். நைனாவின் விரலுக்குத் தெரிய, அவற்றின்மேல் பசை வைத்து நைலான் நரம்புத் துண்டுகளை ஒட்டினேன். வலை பின்னுகிற அதே நரம்பு. ஒன்றுக்கு ஒரு கோடு, இரண்டுக்கு இரண்டு கோடு. வலைக் கண்ணை விரலாலேயே அளக்கிறவர், இதைப் பார்க்காமல் கண்டுபிடித்துவிட்டார்.

அதோடு விடவில்லை. வலையில் கட்டுகிற மிதப்பு ஒன்றை எடுத்தேன். நடுவில் கயிறு போகிற துளை இருக்கும். துளையின் ஒரு முனையில் ரிசீவரைச் சொருகி, மறு முனை நைனாவின் நாற்காலியைப் பார்க்கும்படி டி.வி.யில் கட்டினேன். இப்போது ரிசீவருக்கு அந்த நாற்காலி மட்டும்தான் தெரியும். வாசல் தெரியாது, வெயில் தெரியாது. இனி சாயங்காலம் துண்டு கட்ட வேண்டியதில்லை.

ஒரு மத்தியானம் அக்காவைக் கூப்பிட்டுத் தெருவில் இருக்கிற எல்லா ரிமோட்டையும் கொண்டுவரச் சொன்னேன். பெண்கள் ஆளுக்கொன்றாகத் தூக்கி வந்தார்கள். கேபிள் ரிமோட், டி.வி. ரிமோட், ஃபேன் ரிமோட்கூட ஒன்று வந்தது. வாசலில் இருந்து அமுக்கினார்கள். நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்து அமுக்கினார்கள். மிதப்பின் துளைக்கு நேராக நீட்டியும் அமுக்கினார்கள்.

“இன்னாடி, கட்டவெரலு வலிக்குது, ஒண்ணும் கேக்கலியே!”

“உன் புருசனாட்டம்தான். எத்தினி அமுக்கினாலும் பதிலு வராது.”

“அந்த ஃபேன் ரிமோட்ட அமுக்கு, மாமாவுக்குக் காத்தாவது வரும்!”

நைனா தோள் குலுங்கச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எல்லாரும் ஓய்ந்த பிறகு, மடியைப் பார்க்காமலே மூன்றை அமுக்கினார்.

“நம்ம பாடு.”

ஒருத்தரும் சிரிக்கவில்லை. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, “கொண்டு போயி அந்த ஆளு முன்னால வைடி” என்றாள்.

கொண்டு போகலாம். ஆனால் கூட்டம் வேண்டுமே. தலைவர் கூப்பிட்டால்தான் கூட்டம். படகுத் துறையில் அவரைப் பிடித்தேன்.

“சரி பண்ணிட்டேன் மாமா. வேற எந்த ரிமோட்டுக்கும் பேசாது. தெருவே பாத்துது. கூட்டத்தப் போடுங்க.”

“தெருவுன்னா யாரு? பொம்பளைங்க. அவங்க சாட்சி எங்கம்மா செல்லும்?”

“அதான் கூட்டம் போடச் சொல்றேன். ஆம்பளைங்க பாக்கட்டும்.”

“முடிஞ்சது முடிஞ்சிபூட்ச்சி. அடுத்த வருசம் பாத்துக்கலாம். நீ எதுக்கு இவ்ளோ சூடாவற? உங்க நைனாவுக்கு நாலு படம் போட்டுக் காட்டு, போ.”

சொல்லிவிட்டுப் படகில் ஏறிப் போய்விட்டார். அவர் மகன் அன்றைக்கு எங்கள் இடத்தில்தான் கழி நட்டிருந்தான். தம்பி அவன் வலையில் கூலிக்கு நின்றான். வீட்டுக்கு வந்து சொன்னேன். நைனா ரிமோட்டை மடியில் நிமிர்த்தினார். இரண்டை அமுக்குவார், வேண்டாம் விடு என்று சொல்வார் என்று நினைத்தேன். அவர் ஒன்றை அமுக்கினார்.

“வேணும்.”

அதனால் நான் விடுவதாக இல்லை.

தலைவரே, வாயால் சொல்வதுதான் ஊர் வழக்கம் என்றீர்கள். நானும் அதையேதான் கேட்கிறேன். கூட்டத்தைப் போடுங்கள். உங்கள் மடியில் இருக்கிற ரிமோட்டையும், ஊரில் இருக்கிற எல்லா ரிமோட்டையும் கொண்டுவாருங்கள். என் நைனா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருவார். நீங்கள் எல்லாரும் ஓயும் வரை அமுக்கிவிட்டு உட்காருங்கள். அதற்குப் பிறகு அவர் அமுக்குவார். என்னிடம் படகுத் துறையில் சொல்ல வேண்டாம், என் தம்பியைத் தனியே கூப்பிட்டு எதையாவது கொடுத்துச் சமாதானம் பேசவும் வேண்டாம். கோயில் வாசலில், ஊர் உட்கார்ந்திருக்க, நீங்கள் எழுந்து நின்று, உங்கள் சொந்த வாயால் இதற்குப் பதில் சொல்லுங்கள். அன்றைக்கு “நம்ம பாடு” என்றது என் நைனா. “வேணாம்” என்றது யார்?